பலவேசம் வீட்டை ஒழுங்குபடுத்திய கதை

கோணல்குளத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் பொதுவாகப் புத்தி என்று ஒன்று இருந்திருந்தால், பாகப்பிரிவினையில் ஆளுக்குக் கால் பங்கு வந்திருக்கும். அதுவும் இல்லாததால் சண்டை சச்சரவில்லாமல் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மூத்தவன் பலவேசம். அடுத்தவன் மாசானம். அவனுக்கு அடுத்து வண்டிமலை. கடைக்குட்டி சொள்ளமுத்து. பிழைப்பு, வாழைத்தார் வியாபாரம். தோட்டத்தில் வெட்டின தாரைத் தள்ளுவண்டியில் ஏற்றி விடியற்காலைச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். இவர்கள் போய்ச் சேரும்போது சந்தையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். விற்காத தாரைத் தின்ன மாடுகள் மட்டும் இவர்களுக்காகக் காத்திருக்கும்.

காரணம், அந்த வீட்டின் காலை நேரம். தாத்தா சேர்த்தது, அப்பா சேர்த்தது, யாருடையது என்றே தெரியாமல் சேர்ந்தது என்று தரையிலிருந்து உத்தரம் வரை சாமான். எழுந்ததும் ஒருவன் சோப்பைத் தேடுவான், ஒருவன் சட்டையைத் தேடுவான், ஒருவன் வண்டிக்கு அச்சாணியைத் தேடுவான். சொள்ளமுத்து தேட எதுவும் இல்லாத நாளில் மற்ற மூவரையும் தேடுவான்.

தேடுவதில் மாசானத்துக்கு ஒரு முறை உண்டு. "மொதல்ல இல்லாத எடத்தையெல்லாம் தேடி முடிச்சிரணும். மிச்சமா இருக்கதுதான் இருக்க எடம்" என்பான். ஆகவே தொலைந்தது சோப்பாக இருந்தால், தேடுதல் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தில் தொடங்கும்.

இப்படித் தேடித்தான் பலவேசத்தின் முதல் கல்யாணம் போனது. முகூர்த்தத்தன்று அவனுடைய ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. இல்லாத இடத்தையெல்லாம் தேடி முடித்து, இருந்த இடத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மணமேடையில் வேறொருவன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். வந்தது வந்தாயிற்று என்று பலவேசம் அட்சதை போட்டான், சாப்பிட்டான், திரும்பி வந்தான். பாயசம் நன்றாக இருந்தது என்று தம்பிகளிடம் சொன்னான். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவன் யார் வீட்டிலும் பாயசம் சாப்பிடவில்லை.

அதனால் மேலக்கரை ஐயாத்துரை தன் மகள் உலகம்மாளைக் கொடுக்கிறேன் என்று வந்தபோது, பலவேசத்துக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

வீடு பார்க்க ஐயாத்துரையோடு உலகம்மாளும் வந்திருந்தாள். கல்யாணப் பெண்ணே வீடு பார்க்க வருவதா என்று தெருவில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். "அங்க காலையில எந்திரிக்கப் போறது நாந்தானே?" என்று அவள் கேட்டுவிட்டாளாம்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க டம்ளரைக் காணோம். அண்ணன் தம்பி நாலு பேரும் முதலில் கிணற்றடியைத் தேடினார்கள், அப்புறம் தெருமுனையைத் தேடினார்கள். ஐயாத்துரை உட்கார்ந்திருந்த மூட்டையிலிருந்து உலகம்மாளே டம்ளரை உருவி எடுத்தாள். எடுத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பலவேசம் விழுந்தான். இவளை விட்டால் தனக்கு வாழ்க்கையே இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

ஐயாத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. "மாப்பிள்ளே, போன தரம் நடந்த கதை எனக்கும் தெரியும். முகூர்த்தம் விடியக்காலம். நீரு பிந்தினீர்னா, பந்தல்ல மொத வரிசையில எவன் இருக்கானோ அவனுக்குப் பொண்ணக் குடுத்துருவேன்" என்றார்.

"பிந்த மாட்டேன் மாமா" என்றான் பலவேசம். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

உலகம்மாள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மூணு காரியம் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. தெனமும் கை படாத சாமான வீட்ல வைக்காதீங்க. புதுசா ஒண்ணு உள்ள வந்தா, பழசுல ஒண்ணு வெளிய போயிரணும். காலையில செய்ய வேண்டியத முந்தின நாள் சாயங்காலமே செஞ்சு முடிச்சிரணும். இவ்வளவு செஞ்சா போதும், காலையில வீடு சத்தமில்லாம இருக்கும். நீங்களும் நேரத்துக்கு வந்துருவீங்க."

பலவேசம் அந்த மூன்றையும் அன்றிரவு தூங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது. முதலில் சுவர்க் கடிகாரம் வந்தது.

"இதத் தெனமும் யாராவது தொடுதோமா?" என்றான் பலவேசம்.

"பாக்கத்தான செய்யுதோம்" என்றான் வண்டிமலை.

"கண்ணு படுது. கை படல. அவ கைன்னுதான் சொன்னா."

கடிகாரம் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் அக்காவிடம் போனது. அதன் பின்னால் குடை போனது; மழைக்காலத்தில்தான் அதில் கை படும். துடைப்பம் போனது, அந்த வீட்டில் அதில் கை பட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. அப்பாவின் படத்தை எடுத்தபோது மட்டும் நாலு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"அப்பா உசுரோட இருக்கும்போதே தொட விட மாட்டாரு" என்றான் மாசானம். எல்லோருக்கும் கண் கலங்கியது. படத்தையும் பிச்சம்மாள் அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா அதைத் தன் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். இரண்டு பேரும் உயிரோடு இருந்த காலத்தில் பேசிக்கொண்டதில்லை.

அப்புறம்தான் சொள்ளமுத்து அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, ஓட்ட யாரு தொடுதா?"

வாஸ்தவம்தான். வீடு கட்டிய நாளிலிருந்து ஓட்டில் ஒரு கை பட்டதில்லை. ஏணியைச் சாத்தி, பலவேசமும் மாசானமும் சொள்ளமுத்துவும் மேலே ஏறினார்கள். வண்டிமலை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூவரும் ஏறியதும் ஏணியில் இருந்து கையை எடுத்தான். எடுத்ததும் ஏணியைப் பார்த்தான். இப்போது அதில் யார் கையும் படவில்லை. தூக்கிக்கொண்டு போய்ப் பிச்சம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

மேலே முதல் ஓட்டைப் பிரிக்கக் குனிந்த பலவேசத்துக்கு ஒரு யோசனை தட்டியது. "ஏலே, ஓடு போனா மழை வந்துருமே. நாம ஏன் பிரிக்கணும்? தெனமும் ஒரு தரம் தொட்டுட்டா, அது தெனமும் கை படுத சாமானாயிருதுல்லா?"

மாசானம் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டான். மூவரும் ஒவ்வொரு ஓடாகத் தொட்டு முடித்து இறங்க வந்தால், ஏணி இல்லை.

"ஏலே வண்டிமலை, ஏணி எங்கல?"

"குடுத்துட்டேண்ணே. யாரும் தொடல."

"நாங்க எப்பிடில எறங்குதது?"

"உலகம்மா எறங்குததப் பத்தி ஒண்ணும் சொல்லலியேண்ணே."

அவள் சொல்லவில்லைதான். மூவரும் உச்சி வெயிலில் ஓட்டின் மேல் உட்கார்ந்து இதை யோசித்தார்கள். சத்தம் கேட்டு வந்த பிச்சம்மாள் அக்கா, தலையில் அடித்துக்கொண்டு ஏணியைத் திருப்பிக் கொண்டுவந்து சாத்தினாள். இறங்கியதும் பலவேசம் அவளை நிறுத்தினான். "அக்கா, போயிராதீங்க. ஏணி உள்ள வந்துட்டு. பழசுல ஒண்ணு வெளிய போவணும்." அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை இறக்கி அவள் கையில் கொடுத்தான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. குழம்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அன்று முதல் அந்த வீட்டின் காலை நேரம் மாறியது. எழுந்ததும் கொடுக்க மனமில்லாத சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டாக வேண்டும். மாசானம் அம்மியையும் உரலையும் தொடுவான். வண்டிமலை நாலு சுவரையும் தொடுவான். சொள்ளமுத்து ஓட்டின் மேல் ஏறுவான். தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொட வேண்டும். சந்தையில் மாடுகள்கூட இப்போது காத்திருப்பதை விட்டுவிட்டன.

பலவேசம் தொட்டது ஒன்றே ஒன்று, தாலி வைத்திருந்த சின்னச் செம்பு டப்பா. கல்யாணம்வரை அது கை படாமல் கிடந்தால் போய்விடுமே என்று தினமும் எழுந்ததும் அதன் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கல்யாணப் பட்டு வேட்டிக்கும் அதே பயம் இருந்ததால், அதைத் தினமும் கட்டிக்கொண்டு தார் சுமக்கப் போனான். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே வேட்டி முழுக்க, கேட்காமலே சாயம் போட்டுக் கொடுத்தமாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது காரியத்தில்தான் அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது.

"அண்ணே, காலையில வெளிச்சம் உள்ள வருதே? அதுக்குப் பதிலா எத வெளிய அனுப்ப?" என்று கேட்டான் சொள்ளமுத்து.

பலவேசம் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தான். "வெளிச்சம் வரும்போது இருட்டு தானா வெளிய போயிருதுல்லா? அதுக்கு நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"மூச்சுண்ணே?" என்றான் மாசானம்.

"அதுவும் ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. இந்த ஒலகமே அவ சொன்ன மாதிரிதான்டா நடக்கு" என்றான் பலவேசம். இப்படி ஒருத்தி தனக்கு மனைவியாக வரப்போகிறாளே என்று நினைத்து, மேலக்கரை இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

வாழைத்தார் தினமும் வீட்டுக்குள் வந்து இரவு தங்குவதால், ஒவ்வொரு தாருக்கும் ஒரு சாமான் வெளியே போயிற்று. அம்மி போனது, உரல் போனது, பாய் போனது, அந்த டம்ளரும் போனது. காலையில் தார் சந்தைக்குப் போய்விடும். போன சாமான் போனதுதான். பிச்சம்மாள் அக்கா தன் வீட்டில் இடமில்லாமல் மாட்டைத் தெருவில் கட்டினாள். கடைசியில் கல்யாண மாலை உள்ளே வந்தபோது, வெளியே போக ஏணி மட்டும்தான் இருந்தது.

"ஏணி போனா ஓட்ட எப்பிடித் தொடுதது?" என்றான் சொள்ளமுத்து.

"கம்ப வச்சுத் தொடலாமே?" என்றான் வண்டிமலை.

"அது கம்பு பட்டதாத்தான் ஆவும். கை பட்டதா ஆவாது" என்றான் மாசானம்.

பலவேசம் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினான். "ஓடு வீட்டுக்குள்ளயா இருக்கு, வீட்டுக்கு மேலயா இருக்கு?"

"மேல."

"அப்போ அது வீட்டுச் சாமானே இல்ல."

ஏணி போனது. வீட்டில் நாலு சுவரும் நாலு அண்ணன் தம்பியும் மிஞ்சினார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். மூன்றாவது காரியத்துக்கு நேரம் வந்துவிட்டது. நாலு பேரும் மறுநாள் காலையில் தேய்க்க வேண்டிய பல்லைத் தேய்த்தார்கள். மறுநாள் குளிக்க வேண்டிய குளியலைக் குளித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, "நல்லாத் தூங்கினியா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். அப்புறம் மாலையையும் தாலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு, மேலக்கரைக்கு நடந்து போய், கல்யாணப் பந்தலில் நுழைந்தார்கள்.

பந்தலில் அப்போதுதான் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர்கள் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பலவேசம் நேரே போய் மணையில் உட்கார்ந்து, மாலையைத் தானே போட்டுக்கொண்டான்.

ஐயாத்துரை ஓடி வந்தார். "என்ன மாப்பிள்ளே இது?"

"பிந்தலியே மாமா? பொண்ணக் கூப்பிடுங்க, தாலியக் கட்டிட்டுப் போறேன்."

"முகூர்த்தம் நாளைக்குக் காலையில வேய்!"

"அதான் மாமா. காலையில செய்ய வேண்டியத முந்தின நாள் சாயங்காலமே செஞ்சு முடிச்சிரணும்."

ஐயாத்துரைக்கு மீசை துடித்தது. வேட்டியைப் பார்த்தார், அது இன்னும் துடித்தது. "இந்தக் கூறுகெட்டவனுக்கா எம்மகளக் குடுக்கேன்? எந்திரியும் வேய்! இந்தக் கல்யாணமே வேண்டாம்!"

பலவேசத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பிந்தினால்தான் பெண் போகும் என்று நினைத்திருந்தான். முந்தினாலும் போகுமென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தாலி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தான்.

சத்தம் கேட்டு உலகம்மாள் உள்ளிருந்து வந்தாள். அரைத்த மருதாணியைக் கையில் அப்பியிருந்தாள். மாலையைப் பார்த்தாள், கறை வேட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்னுட்டா இப்பிடி வந்தீங்க?"

"நீ சொன்ன மூணையும் செஞ்சேன் உலகு. ஒண்ணு விடல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. இந்த ஊரில் பெண் சொல் கேட்கும் மாப்பிள்ளை யாரும் இல்லை. இவன் ஒருவன் கேட்கிறான், அதுவும் இந்த அளவுக்கு. "அப்பா, திட்டாதீங்க. வந்தவரு வந்துட்டாரு, பிந்த மாட்டாருல்லா?" என்றாள். பலவேசத்திடம் திரும்பி, "நான் வந்து ஒங்க பக்கத்துல உக்காருத வரைக்கும் எந்திரிக்கப்படாது. கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டான். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. மணைக்கு அடியில் கோலம் போட வேண்டும் என்றார்கள், எழுந்திருக்கவில்லை. அவனைச் சுற்றிக் கோலம் போட்டார்கள். விடியற்காலையில் மேளம் கொட்டியபோது, மேலக்கரை வரலாற்றிலேயே நேரத்துக்கு முன்னால் மணையில் இருந்த மாப்பிள்ளை அவன்தான். தாலி கட்டும்போது கை நடுங்கவில்லை. தினமும் தொட்டுப் பழகிய தாலி அது. பந்தியில் பாயசம் வந்தது. கேட்டு வாங்கி இரண்டு தரம் சாப்பிட்டான்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் பெண்ணைக் கோணல்குளத்துக்கு அழைத்து வந்தார்கள். பிச்சம்மாள் அக்கா ஆரத்தி எடுத்தாள். தட்டு பலவேசம் வீட்டுத் தட்டுதான். உலகம்மாள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கையில் குத்துவிளக்கு. பின்னாலேயே அவளுடைய டிரங்குப் பெட்டியையும் பித்தளைக் குடத்தையும் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டு, மேலக்கரைக்காரர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

உலகம்மாள் வீட்டைப் பார்த்தாள். நாலு சுவர். அவள் வாய் திறக்கும் முன்னே அண்ணன் தம்பிகள் ஒரு மூலையில் கூடிவிட்டார்கள்.

"நாலு உருப்படி உள்ள வந்திருக்கு. உலகு, வெளக்கு, பெட்டி, கொடம்" என்றான் பலவேசம் தாழ்ந்த குரலில்.

"வெளிய போவப் பழசு ஒண்ணும் இல்லியேண்ணே" என்றான் மாசானம்.

"நாம இருக்கோமே."

மூவரும் தலையாட்டினார்கள். நியாயம் நியாயம்தான். உலகம்மாளுக்குப் பதிலாகப் பலவேசம், விளக்குக்கு மாசானம், பெட்டிக்கு வண்டிமலை, குடத்துக்குச் சொள்ளமுத்து என்று வரிசையாக வெளியே போய்த் தெருவில் நின்றார்கள்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"நீ உள்ள வந்துட்டல்லா உலகு. பழசு வெளிய போவணும்" என்றான் பலவேசம். மனைவி வீட்டுக்கு வந்த முதல் நாளே அவள் சொல்லைக் காப்பாற்றிய பெருமை அவன் முகத்தில் இருந்தது.

உலகம்மாள் இடுப்பில் கையை வைத்து யோசித்தாள். அவர்கள் கணக்கிலேயே போவோம் என்று குடத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். "ஒண்ணு வெளிய வந்துட்டு. நீங்க உள்ள வாங்க."

சொள்ளமுத்து உள்ளே வந்தான்.

"ஒங்களயில்ல கொழுந்தனாரே, அவுகள!"

"கொடத்துக்கு வெளிய போனது நாந்தானே மயினி?"

அவள் பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். வண்டிமலை உள்ளே வந்தான். வந்த அன்றே விளக்கை வெளியே வைக்க அவளுக்கு மனசில்லை, இருந்தாலும் வைத்தாள். மாசானம் கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தான். பலவேசம் தெருவிலேயே நின்றான்.

"நீங்க ஏன் நிக்கீங்க?"

"நான் எப்பிடி வர முடியும்? நான் ஒனக்குல்லா வெளிய வந்தேன்."

அதற்கு மேல் உலகம்மாளுக்குப் பொறுமையில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்று வாசலைத் தாண்டி வெளியே வந்தாள்.

அவள் கால் தெருவில் பட்டதும், பலவேசம் மகிழ்ச்சியோடு உள்ளே போனான். நாலு பேரும் நாலு சுவருக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். தேட எதுவும் இல்லை, தொட எதுவும் இல்லை. குடத்தோடும் பெட்டியோடும் விளக்கோடும் தெருவில் நின்ற உலகம்மாளை, பலவேசம் உள்ளிருந்து ஆசையோடு எட்டிப் பார்த்தான்.

"உலகு, காலையில வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா? எல்லாம் நீ வந்த நேரம்!"